பாலை அளந்தவர்கள் தட்டை அளந்தார்களா?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் புதுச் சுவரொட்டி ஏறும். தாய்ப்பாலே சிறந்த உணவு, தாய் சத்தாகச் சாப்பிட வேண்டும், போதிய ஓய்வெடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வாக்கியங்களில் எழுவாய் எப்போதும் தாய்தான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா தோழர்களே? சாப்பிட வேண்டியவளும் அவள்தான், ஓய்வெடுக்க வேண்டியவளும் அவள்தான். சாப்பாட்டுக்குக் கூலி தர வேண்டியவர் யார், ஓய்வுக்கு விடுப்பு தர வேண்டியவர் யார் என்பது சுவரொட்டியில் இருக்காது.

தாய் உண்பதும் வாழும் விதமும் பாலை, குறிப்பாகப் பாலில் உள்ள கொழுப்பை, எப்படி மாற்றுகின்றன என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதை மருத்துவ வரலாறு என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். யார் பாலை யார் சோதித்தார்கள், எதற்காகச் சோதித்தார்கள் என்று கேட்டுப் படித்தால், சாதியின் வரலாறும் உழைப்பின் வரலாறும் அதற்குள் இருப்பது தெரியும்.

தண்ணீரில் விட்ட பால்

சரக சம்ஹிதையும் சுஸ்ருத சம்ஹிதையும் செவிலித்தாய் பற்றி விரிவாகப் பேசுகின்றன. பெற்றவளால் பாலூட்ட முடியாதபோது குழந்தைக்குப் பால் கொடுக்க அமர்த்தப்படும் பெண் அவள். எப்படிப்பட்டவளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் தருகிறார்கள். இளமையாக இருக்க வேண்டும், நோய் இருக்கக் கூடாது, அவள் பெற்ற பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும், பால் நிறைய இருக்க வேண்டும். பாலைச் சோதிக்கவும் வழி சொல்லப்படுகிறது: தண்ணீரில் விட்டால் நல்ல பால் சீராகக் கலக்க வேண்டும்.

இதே நூல்களில் கூர்மையான கவனிப்பும் இருக்கிறது. தகாத உணவு பாலைக் கெடுக்கும் என்கிறார்கள். கோபமும் துயரமும் பாலைக் குறைக்கும் என்கிறார்கள். உணவும் மனநிலையும் பாலைத் தொடும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. செவிலித்தாய் குழந்தையின் வருணத்தையே சேர்ந்தவளாக இருக்க வேண்டும். இழிந்த பிறப்பினளாக இருக்கக் கூடாது. தண்ணீரில் கலக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். உணவை மாற்றினால் பால் மாறுகிறதா என்றும் பார்க்க முடியும். பிறப்பை எந்தக் கிண்ணத்தில் விட்டுச் சோதிப்பது? சோதித்து அறியக்கூடிய ஒன்றின் பக்கத்தில், சோதிக்கவே முடியாத ஒன்றை அதே மருத்துவக் குரலில் எழுதி வைத்தார்கள். அறிவுக்கும் சாதிக்கும் ஒரே தாளில் இடம் கொடுப்பது அன்றே தொடங்கிவிட்டது.

எசமான் வீட்டுச் சோறு

அடுத்த காட்சி காலனிய இந்தியா. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் பல, தங்கள் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க இந்தியப் பெண்களை அமர்த்தின. சென்னை மாகாணத்தில் வெள்ளையர் வீடுகளில் சமையல்காரர்களாகவும் பட்லர்களாகவும் ஆயாக்களாகவும் வேலை செய்தவர்களில் பறையர் சமூகத்தவர் கணிசமானவர்கள். மாட்டிறைச்சி சமைக்கும் வீட்டில் வேலை செய்யச் சாதி இந்துக்கள் தயங்கினார்கள். நம்மவர்களுக்கு அந்த வாசல் திறந்தது.

அக்காலத்து ஆங்கில வீட்டுக் கையேடுகளும் குழந்தை வளர்ப்பு நூல்களும் செவிலித்தாயைப் பற்றிச் சந்தேகத்தோடுதான் பேசின. அவள் அழுக்கானவள், ரகசியமாக அபின் கொடுப்பாள், கேட்டதைத் தராவிட்டால் பாலை நிறுத்திவிடுவாள் என்றெல்லாம் எச்சரிக்கை. அவள் உடம்பை மருத்துவர் பார்க்க வேண்டும், அவள் உண்பதைக் கண்காணிக்க வேண்டும் என்று அறிவுரை. ஆனாலும் அவளுக்கு நல்ல சாப்பாடும் துணிமணியும் கொடுத்தாக வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. அந்தச் செலவைப் பற்றி எசமானிகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். பாலூட்டும் பெண்ணுக்கு நல்ல சோறு போட வேண்டும் என்பது அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாத செய்தியல்ல. தன் பிள்ளை குடிக்கும் பால் என்றால் அவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. அதே பெண் தன் குடிசையில் தன் பிள்ளைக்குப் பாலூட்டியபோது அவள் தட்டில் என்ன இருந்தது என்று எந்தக் கையேடும் எழுதவில்லை. கூலிக்குப் பால் கொடுக்கப் போனவளின் சொந்தப் பிள்ளை யாரிடம் பால் குடித்தது என்ற கேள்விக்கும் அந்தப் பக்கங்களில் பெரிதாக இடமில்லை.

மூன்று வழிகளில் வரும் கொழுப்பு

20ஆம் நூற்றாண்டில் கேள்வி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே தெரிந்துகொண்டதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதில்தான் அரசியல் இருக்கிறது.

தாய்ப்பால் தரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. அந்தக் கொழுப்பு பாலுக்கு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, தாய் அண்மையில் சாப்பிட்ட உணவு. இரண்டு, அவள் உடம்பில் முன்பே சேர்ந்திருக்கும் கொழுப்பு. மூன்று, சோறு கூழ் போன்ற மாவுச்சத்திலிருந்து பால் சுரப்பியே புதிதாகச் செய்துகொள்ளும் கொழுப்பு.

1959இல் அமெரிக்காவில் வில்லியம் இன்சல் என்பவரும் உடன் பணியாற்றியோரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அளந்த உணவைக் கொடுத்துப் பாலின் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். சோள எண்ணெய் அதிகமுள்ள உணவு கொடுத்தபோது பாலின் கொழுப்பு சோள எண்ணெயின் சாயலுக்கு மாறியது. கொழுப்பே இல்லாமல் மாவுச்சத்து நிறைய கொடுத்தபோது, பால் சுரப்பி தானே தயாரிக்கும் லாரிக், மிரிஸ்டிக் போன்ற அமிலங்கள் கூடின. தேவையைவிடக் குறைந்த உணவு கொடுத்தபோது பாலின் கொழுப்பு, தாயின் உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்பைப் போலவே ஆனது.

கடைசி வரியை மறுபடி படியுங்கள். சாப்பாடு போதாதபோது பால் உடனே நின்றுவிடுவதில்லை. உடம்பு தன்னையே எடுத்துக் கொடுக்கிறது.

பொதுவாகப் பாலில் கொழுப்பின் மொத்த அளவு, தாய் அன்றாடம் என்ன சாப்பிடுகிறாள் என்பதால் அவ்வளவாக மாறுவதில்லை. அது எந்த வகைக் கொழுப்பு என்பதுதான் பெரிதும் மாறுகிறது. வெறும் கஞ்சி குடித்தவளின் பாலிலும் கொழுப்பு இருக்கும். ஆனால் அது வேறு கொழுப்பு. அதற்கு விலை கொடுத்தது அவள் உடம்பு.

குன்னூரில் அளந்த பால்

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் அது ஐதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அங்கே பணியாற்றிய சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் 1950களில் ஏழைத் தாய்மார்களின் பாலை அளந்தார்கள்.

அவர்கள் கண்டது பலரை வியக்க வைத்தது. மிகக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்கள் நாளொன்றுக்கு 400 முதல் 600 மில்லிலிட்டர் வரை பால் கொடுத்தார்கள். மாதக்கணக்கில், ஓராண்டையும் தாண்டிக் கொடுத்தார்கள். புரதத்தின் அளவு வசதியான நாட்டுப் பெண்களின் பாலுக்குப் பெரிதும் குறைந்ததாக இல்லை. ஆனால் வைட்டமின்களின் கதை வேறு. தாய் சாப்பிடாத சில வைட்டமின்கள் பாலிலும் குறைந்தன.

இந்தக் கண்டுபிடிப்பை இரண்டு விதமாகத் திரிக்கலாம். இரண்டு விதமாகவும் திரித்திருக்கிறார்கள்.

முதல் திரிப்பு: "பட்டினி கிடந்தாலும் பால் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகென்ன கவலை?" தாயின் உடம்பு இங்கே கணக்கிலேயே இல்லை. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கலோரி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. அது தட்டில் வரவில்லை என்றால் அவள் சதையிலிருந்து போகிறது. அடுத்த பிரசவத்துக்கு அவள் இன்னும் மெலிந்த உடம்போடு போகிறாள்.

இரண்டாவது திரிப்பு: "ஏழைப் பெண்ணின் பால் தண்ணீர், டப்பா பால் வாங்கு." இதை வியாபாரிகள் செய்தார்கள். கெட்டிப் பால் டப்பாவைக் குழந்தை உணவு என்று விற்றதை, 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் கொலை என்றே பெயர் சொல்லி மேடையில் பேசினார். உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்துக்கு எதிரான விதிகளை ஏற்க 1981 ஆனது. இந்தியாவில் அதற்குச் சட்டம் வந்தது 1992இல்.

ஏழைத் தாயின் பால் தாழ்ந்ததல்ல. தாழ்ந்தது அவள் கூலி. இந்த இரண்டையும் குழப்பாமல் பேசக் கற்றுக்கொள்வதே நம் முதல் வேலை.

வரப்போரத் தூளி

உணவைப் பேசினோம். வாழ்க்கைமுறை என்று சொல்கிறார்களே, அது என்ன? நகரத்துப் பத்திரிகைகளில் அந்தச் சொல் நடைப்பயிற்சி, தூக்கம், யோகா என்ற பொருளில் வரும். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு வாழ்க்கைமுறை என்பது வேலை நேரம்.

பாலூட்டலில் ஓர் எளிய இயக்கம் உண்டு. மார்பில் பால் நிறைந்து கட்டியிருக்கும்போது முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு. குழந்தை குடிக்கக் குடிக்க, மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடும். இரண்டு முறை பாலூட்டுவதற்கு இடையே நேரம் நீண்டால் அடுத்த முறை தொடக்கத்தில் வரும் பால் கொழுப்புக் குறைந்ததாக இருக்கும். பால் எடுக்கப்படாமல் தேங்கிக்கொண்டே இருந்தால் சுரப்பும் குறையத் தொடங்கும்.

இப்போது இதை வயலில் வைத்துப் பாருங்கள். விடிவதற்குள் கிளம்பியவள் சேற்றில் குனிந்து நிற்கிறாள். வரப்போர மரக்கிளையில் தூளி. பிள்ளை அழுகிறது. கரையேறினால் மேஸ்திரி முகம் சுளிப்பார். மார்பு கட்டிக்கொண்டு வலிக்க, நடுப்பகலில் ஓடிவந்து அவசரமாகக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்குகிறாள். பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்த முன்பால். கொழுத்த பின்பால் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்தக் குழந்தைக்குக் கிடைத்த கொழுப்பின் அளவை முடிவு செய்ததில் மேஸ்திரியின் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு.

இதை நம் தலைவர் முன்பே சட்டமன்றத்தில் பேசிவிட்டார். 1928 ஜூலை 28 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது என்றார். அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அவர், பெண்களின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளி அதனால் தப்பித்துவிட முடியாது என்றும் வாதிட்டார். மறு ஆண்டு, 1929இல், பம்பாய் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. சுவரொட்டி தாயைப் பார்த்துப் பேசுகிறது. அம்பேத்கர் அரசையும் முதலாளியையும் பார்த்துப் பேசினார்.

1961இன் மகப்பேறு உதவிச் சட்டம், வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15 மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தர வேண்டும் என்றது. 2017 திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. நல்ல சட்டம். ஆனால் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனம் என்று அதன் எல்லை முடிந்துவிட்டது. அன்றாடங்காய்ச்சியாக வயலில் கூலி வேலை செய்யும் பெண் அதற்கு வெளியே நிற்கிறாள். வெளியே நிற்பவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊர்ச் சேரியில் கேட்டாலே தெரியும்.

தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இந்த இடைவெளியில் ஒரு படி. 300 ரூபாயில் தொடங்கியது 2011இல் 12,000 ஆகவும் பிறகு 18,000 ஆகவும் உயர்ந்தது. அதைக் காப்பதும், தவணை தாமதமாகாமல் கைக்கு வரச் செய்வதும் நம் வேலைதான். ஆனாலும் ஒரு கூலிப் பெண் ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து பாலூட்ட அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கருவாடும் வனஸ்பதியும்

பாலில் உள்ள கொழுப்புகளில் டி.எச்.ஏ. என்று ஒன்று உண்டு. குழந்தையின் மூளையும் கண்ணின் விழித்திரையும் வளரத் தேவையானது. உலகின் பல பகுதிகளில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாலின் கொழுப்பில் டி.எச்.ஏ.வின் பங்கு 0.06 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதம் வரை இருந்ததைக் காட்டியது. சராசரி 0.32 சதவீதம். மீன் நிறைய உண்ணும் கடலோர மக்களிடம்தான் அதிகம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடு, கருவாட்டுக் குழம்பு வை, பூண்டை வதக்கிப் போடு என்று நம் பாட்டிமார் சொன்னது எந்த ஆய்விதழிலும் படித்ததல்ல. மத்தி, நெத்திலி போன்ற மலிவான சிறு மீன்களில் இந்தக் கொழுப்பு தாராளமாக உண்டு. ஆனால் கருவாட்டு வாசனை வந்தால் வாடகை வீடு கிடையாது, டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்துப் பெஞ்சு மூக்கைப் பொத்தும். ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் சத்தை இழிவாக்கி வைத்திருப்பதும் சாதியின் வேலை. ஒரு சமூகத்தின் உணவை அவமானப்படுத்தும்போது அந்த அவமானம் பாலூட்டும் தாயின் தட்டு வரை போகிறது.

மறுபக்கம் மலிவாகக் கிடைத்தது வனஸ்பதி. 1937இல் டால்டா வந்தது. நெய் வாங்க முடியாத வீட்டுக்கு நெய்யின் போலி. டீக்கடை பலகாரத்திலும் பேக்கரி பிஸ்கட்டிலும் அது சேர்ந்தது. எண்ணெயை ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை மனித உடம்பு தானே தயாரிப்பதில்லை. அது பாலில் இருந்தால், தாய் சாப்பிட்டதிலிருந்து வந்தது என்று பொருள்.

கனடாவில் 1990களின் தொடக்கத்தில் தாய்ப்பாலின் கொழுப்பில் சராசரியாகச் சுமார் 7 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பு இருந்தது. உணவுப் பொட்டலங்களில் அதன் அளவை அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. நிறுவனங்கள் தயாரிப்பை மாற்றின. 2011 வாக்கில் அது சுமார் 2 சதவீதமாகக் குறைந்தது. தாய்மார்கள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து அறிவுரை சொன்னதால் நடந்ததல்ல இது. அரசு நிறுவனங்களைக் கேள்வி கேட்டது, தாயின் பால் மாறியது. இந்தியாவிலும் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. டீக்கடை வாணலி வரை அந்த விதி வந்திருக்கிறதா என்று கண்காணிப்பது மாணவர்கள் எடுத்துச் செய்யக்கூடிய வேலை.

நாம் கேட்க வேண்டியவை

இந்த வரலாறு முழுக்க ஒரே பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. பாலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள், மருத்துவரை வைத்துப் பார்த்தார்கள், ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் நேர்மையானவர்கள். அவர்கள் தந்த அறிவு நமக்கு வேண்டும். ஆனால் பாலைப் பற்றிய கேள்வியைத் தாயின் குணமாகவும் பிறப்பாகவும் அறியாமையாகவும் மாற்றிவிடுவது அதிகாரத்துக்கு எப்போதும் வசதி. கேள்வியைத் தட்டுக்கும் கூலிக்கும் வேலை நேரத்துக்கும் திருப்பிக் கொண்டுவருவது நம் பொறுப்பு.

அடுத்த முறை தாய்ப்பால் பற்றிய ஆய்வையோ விளம்பரத்தையோ அரசு அறிக்கையையோ படிக்கும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். அளக்கப்பட்ட பெண்கள் என்ன வேலை செய்தார்கள்? அவர்களுக்கு அந்தச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்ததா? முடிவில் யாரை மாறச் சொல்கிறார்கள்?

உங்கள் ஊரில் இதையே கோரிக்கையாகவும் எழுதலாம். விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. வேலை நடக்கும் இடத்திலேயே குழந்தைகள் காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும். அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்கு முட்டை. மீன் உண்பவர்களுக்கு மீன். மகப்பேறு உதவித் தொகை பிரசவத்துக்குப் பிறகு ஓராண்டு கழித்து வராமல், அவள் பசிக்கும்போது வர வேண்டும்.

பட்டினியிலும் நம் தாய்மார்கள் பால் கொடுத்தார்கள். அதைத் தியாகம் என்று புகழ்ந்து மாலை போடுவது எளிது. அந்தப் பாலில் இருந்தது அவர்களின் சொந்த உடம்பு. அடுத்த தலைமுறைத் தாயின் பாலில் அவள் சாப்பிட்ட சாப்பாடு இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.